தேய்க்கக் கூடாத ஊசி

முதலாளியம்மா என்னை நேரில் வரச் சொன்னதே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால்தான். விண்ணப்பத்தில் 'டிரெசர், இருபத்து நான்கு வருட அனுபவம்' என்று எழுதியிருந்தேன். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த யாரிடமும் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் எட்டிப் பார்க்காத தோட்டத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பவன், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுபவன், இடுப்புக்குக் கீழே ஊசி குத்துபவன், திங்கட்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எம்.சி. என்கிற லீவுச் சீட்டு கேட்பவனை முறைத்து அனுப்புபவன், அவன்தான் டிரெசர். ஆனால் போர்டிக்சனில் அழகு ஊசி கிளினிக் நடத்தும் அம்மா சிரம்பான் வியாபாரக் குடும்பம். தோட்டம் என்பது அவருக்குக் கார் கண்ணாடிக்கு வெளியே பச்சையாக ஓடும் ஒன்று, அவ்வளவுதான்.

"கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் டிரெஸ் பண்ணியிருக்கீங்க போல. கொண்டையும் கட்டுவீங்களா?"

"இல்ல மேடம். நான் கட்டுனது எல்லாம் புண்ணுக்கு."

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எவ்வளவு நல்ல மனசு, அதிர்ச்சியைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே என்று நினைத்தேன். ஊசி போட்டுப் போட்டு உறைந்துபோன அந்த நெற்றியால் எதையுமே காட்ட முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஊசியாவது போடுவீங்களா?"

"கணக்கே இல்ல மேடம்."

"முகத்துல?"

"அங்க யாரும் எனக்கு முகத்தக் காட்டுனதில்ல மேடம்."

நான் மட்டும் சிரித்தேன். அதையும் பாதியில் விழுங்கிக்கொண்டேன். பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வாந்தி வரும். எனக்கு ஜோக் வரும். வாந்தியே தேவலாம், துடைத்துவிடலாம் என்பாள் என் மனைவி.

விளம்பரத்தில் 'முன் அனுபவம் தேவையில்லை' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்பது அந்த அம்மா என் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டியதிலேயே தெரிந்தது.

"ஒரு மாசம் பாக்குறேன். சரி வந்தா வேல லெட்டர். சரி வரலனா நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரிஞ்சிடும்."

எனக்கு அந்த ஒரு மாதம் விளையாட்டு இல்லை. சுவா பக்கத்தில் நான் வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தில் கிளினிக்கை மூடிவிட்டார்கள். இனி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புவார்களாம். டிரெசரை எந்த வேனிலும் ஏற்றவில்லை. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வருடக் கடைசி வரை தவணை கொடுத்தார்கள், அதையும் ஏதோ தீபாவளிப் பரிசு போல. நாற்பத்தொன்பது வயதில் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப் போட்டேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவதில், என் வயதைப் பார்த்துவிட்டு எந்த வார்டில் படுக்கை வேண்டும் என்று கேட்காத குறை. இந்த இடமும் கைவிட்டால் மிச்சம் ஜாகா வேலைதான். ஏதோ ஒரு ஃபேக்டரி கேட்டில் தொப்பி போட்டு உட்கார்ந்து, வருகிற லாரி போகிற லாரி நம்பரை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். என் கையெழுத்துக்கு அதிலும் நிலைக்க மாட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சுவா பள்ளிக்கூட கேண்டீனில் வேலை பார்க்கிறாள். கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முகத்துக்கு ஊசியா? என் மூக்குத்தி தொலஞ்சு நாலு மாசம் கழிச்சு, என்னமோ மாறியிருக்கேன்னு கேட்ட ஆளு நீங்க."

கோப்பிக்கடையில் இன்னும் மோசம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற என் பள்ளித் தோழன் ஒருவன் அங்கே தினமும் காலையில் ஒரு மேசையைக் குத்தகைக்கு எடுத்தவன் போல உட்கார்ந்திருப்பான். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்போம். முதல் நாள் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே கத்தினான்.

"டேய், ஆம்பள மிஸ்ஸி வர்றான்டா! எல்லாம் மூஞ்சிய மறைச்சுக்குங்க!"

"ஒனக்கு மறைக்க என்னடா இருக்கு? அங்க மருந்தே பத்தாது."

"நீ என் சூத்துல குத்துனதே இன்னும் மழ வந்தா வலிக்குதுலா. மூஞ்சிய ஒங்கிட்ட குடுக்குறவளுக்கு என்ன பைத்தியமா?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சட்டைக்குள் முதுகு நனைந்திருந்தது.

கிளினிக்கில் எனக்குக் கொடுத்த சீருடை இளஞ்சிவப்பு. இதற்கு முன் இருந்த பெண்ணுக்குத் தைத்ததாம். தோளில் பிடித்தது, வயிற்றில் அதைவிடப் பிடித்தது. அதைப் போட்டுக்கொண்டு டாக்டரின் முன்னால் போய் நின்றேன். டாக்டர் முப்பது தாண்டியிருக்காத தமிழ்ப் பெண். வெளிநாட்டில் படித்தவர். வாரத்தில் மூன்று நாள் தலைநகர் கே.எல்.லிலிருந்து கார் ஓட்டி வருவார். என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம்:

"அங்கள், எதையும் தொடாதீங்க."

"தொடாம எப்படி டாக்டர் நர்ஸ் வேல பாக்குறது?"

"முகத்துல குத்துறது டாக்டர் மட்டும்தான். அதான் ரூல். நீங்க தட்டு எடுத்துக் குடுங்க, ஐஸ் புடிங்க, போட்டோ எடுங்க. மத்த நேரம் சுவரோட சுவரா நில்லுங்க."

ஊசி நர்ஸ் என்று சேர்ந்தேன். ஊசியைத் தவிர எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம். சரி, தட்டாவது ஒழுங்காகக் கொடுப்போம் என்றால், முதல் நாளே தட்டில் இருந்த சின்ன மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ காலிக் குப்பியை எடுத்து வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அலட்சியம் என்று குப்பைத் தொட்டியைத் திறந்தேன். டாக்டர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒரு அம்மாள் பயந்து எழுந்து போயே விட்டாள்.

முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசி மருந்து அப்படித்தான் இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடியில் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுக்க வேண்டும். குலுக்கக் கூடாது. பென்சிலின் குப்பியைப் கிலுகிலுப்பை போலக் குலுக்கிப் பழகிய என் கையை அன்று முதல் அந்தப் பெண் பாம்பைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார்.

"தோட்டத்துல நீங்க என்னதான் செஞ்சீங்க அங்கள்?"

"உயிரோட வந்தவங்கள உயிரோட அனுப்புனேன் டாக்டர்."

"அது போதுமா?"

அதற்கு எனக்கு ஜோக் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரவு படுக்கையில் ஆறு பதில் தோன்றியது, ஆறும் பிரமாதம்.

வாடிக்கையாளர்களும் என்னைக் கண்டால் ஆகாதவர்கள்தான். ராணுவ முகாமிலிருந்து வரும் அதிகாரிகளின் மனைவிமார், சனி ஞாயிறு கடற்கரைக்கு வந்த கையோடு நெற்றியையும் தட்டி நேராக்கிக்கொண்டு போகிற கே.எல். பெண்கள். நாற்காலியில் சாய்ந்ததும் மேலே என் முகம் தெரியும். ஒருத்தி நேராக டாக்டரிடம் கேட்டாள்: "இந்த ஜாகா எதுக்கு உள்ள நிக்கிறாரு?" நான் பயந்துகொண்டிருந்த உத்தியோகத்தை, இளஞ்சிவப்புச் சட்டையோடு எனக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். என் கையில் இருந்த ஐஸ் பை வழக்கத்தைவிடச் சீக்கிரம் உருகியது. நான் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

இரண்டாவது வாரம், வியாழக்கிழமை மாலை. கடைசி வாடிக்கையாளர் போன பிறகு முதலாளியம்மாவே நாற்காலியில் ஏறிப் படுத்தார். தம்பினில் இரண்டாவது கிளினிக் திறக்கப் போகிறார். வாசலில் தொங்கப் போகும் பேனரில் அவர் முகம்தான். ஒன்பது நாளில் போட்டோக்காரர் வருகிறார், அதற்குள் நெற்றி பளிங்கு மாதிரி ஆகிவிட வேண்டும் என்றார். டாக்டர் நெற்றியிலும் புருவங்களுக்கு நடுவிலும் அளந்து அளந்து குத்தினார். அங்கங்கே கடுகு மாதிரி ரத்தம் முளைத்தது. அந்த நேரம் பார்த்து டாக்டரின் கைபேசி அடித்தது.

"அங்கள், ரத்தத்த மட்டும் துடைச்சு விடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதுவரை அந்த வேலையை டாக்டரே செய்வார். முதல் முறையாக ஒரு முகத்தைத் தொட எனக்கு அனுமதி. பஞ்சை எடுத்தேன். அதன் பிறகு வேலை செய்தது நான் இல்லை, இருபத்து நான்கு வருடம். தோட்டத்தில் ஊசி குத்தினால் அந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் மருந்து கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டால் வீங்கும், வீங்கினால் அவன் மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னிடமே வந்து நிற்பான். "நல்லா தேய்ச்சுக்கோ, நல்லா தேய்ச்சுக்கோ" என்று நான் சொல்லாத நாளே கிடையாது. முதலாளியம்மாவின் நெற்றியில் கட்டைவிரலை ஊன்றி, மேலிருந்து கீழே, புருவம் வரைக்கும் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.

"உங்க கை நல்லா இருக்கே," என்றார் கண்ணை மூடியபடி. "எனக்குத் தலவலியே போற மாதிரி இருக்கு. இடது பக்கம் இன்னும் கொஞ்சம்."

இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அந்தக் கிளினிக்கில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டாரில் பாடிக்கொண்டே போனேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குக் கொடுக்கிற காகிதத்தில் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. மலாயில் அச்சடித்தது. இரண்டு வாரமாக ஒவ்வொருவருக்கும் அதை நீட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. ஐஸ் தேத்தண்ணீர்க் கிளாஸ் ஈரம் விடுகிறதே என்று அதை விரித்து அடியில் வைத்தேன். கிளாஸ் வழியாக எழுத்து பெரிதாகத் தெரிந்தது. ஜாங்ஙான் கோசோக். தேய்க்காதீர்கள். கிளாஸை நகர்த்தி மிச்சத்தையும் படித்தேன். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து இடம் மாறி, கண் இமை தொங்கிப் போகலாம்.

சோற்றைத் தள்ளி வைத்தேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் 'கொஞ்சமாகத் தேய்த்தால் பரவாயில்லை' என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று. பின்பக்கத்தில் கிளினிக்குக்கு வரும் வழி மட்டும் வரைந்திருந்தது. கைபேசியில் தேடினேன். தொங்குவதாக இருந்தால் சில நாள் கழித்துத்தான் தெரியுமாம். உடனே தெரிந்துவிட்டால் உடனே சாகலாம். இது தவணை முறையில் சாகடிப்பது. கடைக்காரர் வந்து, என்ன அண்ணே, கறி காரமா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கே என்றார். காரம்தான் என்றேன்.

அன்று முதல் காலையில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை முதலாளியம்மாவின் கண்ணைப் பார்ப்பது. வலது, இடது. இடது, வலது. தட்டு கொடுக்கும்போது, கணக்குக் காட்டும்போது, அவர் கைபேசியில் பேசும்போது, கதவிடுக்கில். மூன்றாம் நாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன, என் கண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வீட்டுல சம்சாரம் இருக்காங்கதானே?"

"இருக்காங்க மேடம். அவங்க கண்ணையும் பாக்குறேன்."

"அப்ப அங்கயே பாத்துக்குங்க."

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, இடது இமை இறங்கியிருந்தது. கடை சாத்துகிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இழுத்து விட்டு, கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார்களே, அந்த மாதிரி. அவர் கேட்டுக்கொண்டபடி சரியாக இடது பக்கம். அவர் கண்ணாடி முன்னால் நின்று விரலால் இமையைத் தூக்கினார், விட்டார், தூக்கினார், விட்டார். பிறகு டாக்டரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன், போர்டிக்சன் கடற்கரை வரைக்கும் கேட்டது.

"வெளிநாட்டுல படிச்சேன் படிச்சேன்னியே, இதத்தான் படிச்சியா?"

"மேடம், இது சில பேருக்கு வரும். மூணு வாரம், ஆறு வாரம், தானா சரியாயிடும். சொட்டு மருந்து போட்டா இம கொஞ்சம் தூக்கும்."

"நாலு நாள்ல போட்டோ! ஒரு கண்ணு தூங்கிட்டிருக்கிற பேனரப் பாத்துட்டு தம்பின்ல எவ வருவா?"

டாக்டர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் கடந்து போனார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. எதையும் தொடாதீங்க என்ற பெண். சுவரோடு சுவராக நிற்க வைத்த பெண். இப்போது நீயும் கொஞ்சம் சுவரோடு நில் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வயிற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே, வேர்வையாக மேலே வந்துவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாயத் தொறக்காதீங்க. வருசக் கடைசில சாமான எங்க கொண்டு போய் வைக்கிறது? ஒங்க கூட்டாளியோட லாரியிலயா?"

வாயைத் திறக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் சொட்டு மருந்து போடுகிற வேலை எனக்கு. நாளைக்கு மூன்று தடவை. அந்த அம்மா தலையை அண்ணாந்து காட்டுவார், நான் இமையைத் தூக்கி ஒரு சொட்டு விடுவேன். சொட்டு விழுகிற வரைக்கும் டாக்டரைத் திட்டுவார், விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவார்.

"நீங்க எவ்வளவோ மேல். உங்க கையில ஒரு பக்குவம் இருக்கு. அந்தப் பொண்ணு கையில திமிருதான் இருக்கு."

"ம்," என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. அந்த நாக்கு இதற்கு முன் எதற்கும் தயங்கியதில்லை.

போட்டோவுக்கு முதல் நாள். டாக்டர் வராத நாள். முதலாளியம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் இதற்கு முன் நான் உட்கார்ந்தது, கொண்டை கட்டுவீர்களா என்று கேட்ட அன்றைக்குத்தான். மேசையில் வெள்ளைக் காகிதமும் பேனாவும் இருந்தன.

"அன்னைக்கு ரூம்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான். டாக்டர் ஊசிய ரொம்பக் கீழ குத்துனத என் கண்ணால பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவள அனுப்பிட்டு வேற ஆள் பாக்கணும். சும்மா அனுப்புனா என்மேல கேஸ் போடுவா."

"மேடம், நான் சரியா..."

"எழுதுங்க. எழுதி முடிங்க, இன்னைக்கே உங்க லெட்டர அடிச்சுக் கையில குடுத்துடறேன். மாசம் முடியணும்னுகூட இல்ல."

பேனாவை எடுத்தேன். இந்த மாதிரிக் காகிதம் எனக்குப் புதிது இல்லை. கீழே கையொப்பமிட்டுள்ள நான் என்று ஆரம்பித்தால், மிச்சம் தானாக வரும். தோட்டத்தில் வேலையில் அடிபட்டவனைக் கொண்டு வந்தால் டிரெசர் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒருமுறை குலை விழுந்து பாதம் நசுங்கிய ஒருவனைத் தூக்கி வந்தார்கள். காலில் வெறும் சிலிப்பர். அந்த மாதம் யாருக்கும் பூட்ஸ் கொடுக்கவில்லை என்று எனக்கும் தெரியும், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். 'பூட்ஸ் அணியாதது தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு எனக்கு வேர்க்கக்கூட இல்லை. அந்த மனிதன் பிறகு நொண்டிக்கொண்டு என்னிடம்தான் மருந்துக்கு வருவான், "டிரெசர் ஐயா" என்று கும்பிட்டுக்கொண்டு. அந்தக் காகிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது.

'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' வரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லுக்குப் பேனா போகவில்லை. வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் வீரம் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன். வழக்கம் போல ஒரு ஜோக் வருமா என்று பார்த்தேன், அதற்குப் பதிலாக வேறொன்று வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது.

"நான் தேய்ச்சேன் மேடம்."

"என்னது?"

"டாக்டர் போன் பேசப் போனப்ப. பஞ்ச வச்சு. நீங்ககூட கை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இடது பக்கம் இன்னும் கொஞ்சம்னு சொன்னீங்க. தேய்க்கக் கூடாதாம். காகிதத்துல போட்டிருக்கு. நான் படிக்கல."

நெற்றி அசையவில்லை. அதனால் அவர் கோபம் முழுவதும் அந்த ஒன்றரைக் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு கோபத்தை அவ்வளவு சின்ன இடத்தில் நான் பார்த்ததில்லை. கைபேசியை எடுத்து டாக்டருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். என்னைப் பார்த்து, சொல்லு என்று முகவாயை ஆட்டினார். சொன்னேன்.

அந்தப் பக்கம் டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு வெடித்தது.

"தேய்ச்சீங்களா? அங்கள், தேய்ச்சீங்களா? நாலு நாளா நான் தூங்கல! என் கையத்தான் நான் திட்டிக்கிட்டு இருக்கேன்! அளவு தப்பிடுச்சோ, இடம் தப்பிடுச்சோன்னு படிச்ச புக்கையெல்லாம் திருப்பி எடுத்துப் படிச்சுக்கிட்டு இருக்கேன்! உங்களுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு டாக்டர். அது வேற எதுக்கெல்லாமோதான் தொறக்கும்."

"ஜோக்கா? இப்ப ஜோக்கா?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது, இறங்கினாலும் என்மேல் வெறுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

"மேடம், அவர் தேய்ச்சதாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. என் ஊசியும் ஒண்ணு கொஞ்சம் கீழ போயிருக்கலாம். துடைங்கன்னுதான் சொன்னேன், தேய்க்காதீங்கன்னு சொல்லல. இத சொல்லலனா எனக்கு இன்னைக்கும் தூக்கம் வராது."

"ரொம்ப சந்தோசம்," என்றார் முதலாளியம்மா. "ரெண்டு பேருமாச் சேந்து என் கண்ண மூடிட்டு, இப்ப தூக்கத்தப் பத்திப் பேசுறீங்க."

கைபேசியை வைத்தார். நான் எழுந்து நின்றேன். இளஞ்சிவப்புச் சட்டையைத் துவைத்துக் கொடுக்க வேண்டுமா, அப்படியே கழற்றிக் கொடுத்தால் போதுமா என்று கேட்க நினைத்தேன். உள்ளே பனியன் போட்டிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போறீங்க?"

"உங்களுக்கே தெரிஞ்சிடும்னு சொன்னீங்க மேடம். தெரிஞ்சிடுச்சு."

"உட்காருங்க. உங்கள இப்ப அனுப்புனா நேரா எங்க போவீங்க? எதிர் வரிசையில இருக்கிற கிளினிக்குக்கு. அங்க போயி, தேய்ச்சா இம தொங்கும், எனக்கு நல்லாத் தெரியும், கண்ணால பாத்திருக்கேன்னு சொல்லி வேல வாங்குவீங்க. என் கண்ணுல கத்துக்கிட்டு அவனுக்கு வேல பாப்பீங்களா? எங்கப்பா கடையில ஒரு துணிய கத்தரி போட்டுக் கெடுத்தவன விடமாட்டாரு. கெடுத்த துணி நம்மளுது, அவன் கத்துக்கிட்டதும் நம்மளுதுன்னுவாரு."

சொல்லிவிட்டு, நான் எழுத ஆரம்பித்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்பதற்கு அடுத்து அவரே தன் கையால் எழுதினார்: 'எந்த வாடிக்கையாளரின் முகத்தையும் எக்காரணம் கொண்டும் தேய்க்க மாட்டேன்.' அதில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் லெட்டரை அடித்தார். சிரிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மன்னித்ததாக நான் இன்றுவரை எண்ணவும் இல்லை.

மறுநாள் போட்டோக்காரர் வந்தார். முதலாளியம்மா வலது பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பி உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். தம்பினில் அந்தப் பேனரைப் பார்த்தவர்கள், ஸ்டைலாக இருக்கிறது என்று சொன்னார்களாம். டாக்டர் வந்ததும் என்னிடமிருந்து பஞ்சு டப்பாவை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, குப்பியில் உப்புத் தண்ணீரை எப்படி ஓரமாக இறக்குவது என்று ஒரே ஒருமுறை காட்டிக் கொடுத்தார், கோபமாக.

லெட்டரை வாங்கிய அன்று நான் உடனே வெளியே போக முடியவில்லை. மடித்துப் பையில் வைத்து எழுந்தபோது அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து தலையை அண்ணாந்து காட்டினார்.

"மணி ஆச்சு. மருந்து."

சொட்டு மருந்தை எடுத்தேன். அவர் முகத்துக்கு மேலே குனிந்தேன். இமையைத் தூக்கி விட்ட சொட்டு கண்ணில் பாதி விழுந்து, மிச்சம் கன்னத்தில் வழிந்தது. என் கட்டைவிரல் தானாகக் கிளம்பி, அவர் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தோம்.

"ஒத்தி எடுங்க," என்றார். "ஒத்தி மட்டும்."

ஒத்தி எடுத்தேன்.